நெஞ்சில் கேட்ட சத்தம்

(நம் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடைபெற்ற ஸ்தோத்திர ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





சனிக்கிழமைதோறும் மாலையில் நம் வார்டுகளில் பாடிவரும் பாடற்குழுவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுவைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்து நடத்திய நம் நண்பர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் புகழுரையாக மட்டும் பேசிவிட்டு உட்கார என் மனச்சாட்சி இடம் தரவில்லை. அவருக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டோம். அன்று மாலை அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்து, "ஐயா, பாட்டு பேரப் போடுங்க. பாடறவன் பேரு எதுக்கு?" என்றார். அதற்குப் பிறகு நம் அச்சுத்தாள் எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. இந்த இதழிலும் வர வேண்டாம்.

நம் பொதட்டூர்பேட்டையை அறியாத வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இது நெசவாளர் ஊர். 1960-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதி. ஆகையால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். இரண்டையும் விட அதிகமாகக் கேட்பது தறிச்சத்தம். விடிவதற்கு முன் ஆரம்பித்தால் இரவு வரைக்கும் ஓயாது. கரண்ட் போனால்தான் ஊர் அமைதியாகும். புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் அந்த அமைதியைக் கண்டுதான் பயப்படுவார்கள்.

நம் நண்பர் அந்தத் தறிகளில் ஒரு கூலியாள். சொந்தத் தறி கிடையாது. சிறுவயதிலேயே தறிக்கூடத்துக்குப் போனவர். நாடா ஓடுகிற சத்தத்தின் நடுவே, நான்கு தறிகளை ஒரே ஆளாகப் பார்த்து, அறுந்த இழையை முடிந்து, வாரக் கூலி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சனிக்கிழமை கூலி வாங்கினதும் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார். ஒரு பைசா வாங்கியதில்லை. பஸ் செலவுக்கு என்று கொடுத்தால், "நடந்துதானே வந்தேன்" என்பார்.

அந்தக் குழு சபையார் மட்டும் சேர்ந்த குழு அல்ல. ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கிறவர். தெலுங்குக் கீர்த்தனைகளை எடுத்துப் பாடுகிறவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. டீக்கடைப் பையன் ஒருவனும் வருவான். "நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வர்றவங்க யாரா இருந்தா என்ன?" என்பது நம் நண்பரின் கொள்கை. வார்டுக்குள் நுழைவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலிலும் யார் இருக்கிறார்கள், என்ன பாட்டு பிடிக்கும் என்று ஆயாம்மாவிடம் கேட்டுக்கொள்வார். தூங்குகிறவர் இருந்தால் அந்த வார்டில் அன்று பாட்டு இல்லை.

பாட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்கவாதத்தால் பேச்சு நின்றுபோன ஒரு பாட்டியம்மா பெண்கள் வார்டில் இருந்தார்கள். தண்ணீர் என்ற வார்த்தைகூட வரவில்லை. குழு பாட ஆரம்பித்ததும், சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் கற்ற பாடலை வார்த்தை வார்த்தையாகச் சேர்ந்து பாடினார்கள். மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அற்புதம் என்றேன். டாக்டர் அம்மா, அற்புதந்தான், ஆனால் காரணமும் உண்டு என்றார்கள். பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. ராகத்தில் வலப்பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகையால் பேச முடியாதவர் சிலர் பாட முடியும். இதைக்கொண்டே 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நிபுணர்கள் ஒரு பேச்சுப் பயிற்சி முறையை வகுத்தார்கள். நம் நண்பருக்குப் பாஸ்டனும் தெரியாது, மூளையின் பக்கமும் தெரியாது. அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் முதலில் அந்தப் பாட்டியம்மாவின் கட்டிலண்டைதான் போய் நின்றார்.

மருத்துவமும் சங்கீதமும் சேர்ந்து நடப்பது நமக்குப் புதிதல்ல. பொல்லாத ஆவியால் கலங்கின சவுலுக்கு முன் தாவீது சுரமண்டலம் வாசித்ததை வேதத்தில் வாசிக்கிறோம். நம் நாட்டில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை நினைத்துப் பாருங்கள். 1859-ல் பிறந்து 1919-ல் மறைந்த அவர் சித்த வைத்தியர். மருந்தில் வந்த வருமானத்தைச் சங்கீதத்தில் செலவிட்டார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி மாநாடுகள் நடத்தினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவருக்கு முன்னே சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்ற வேதநாயக சாஸ்திரியார் இருந்தார். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இப்படி ராகமும் தாளமுமாக வந்ததுதான் நம் தமிழ்ச் சபையின் பாட்டு.

ஆனால் பிரியமானவர்களே, வீணையும் மிருதங்கமும் கோயிலுக்குள் வந்த அளவு எளிதாக ஒரு வாத்தியம் மட்டும் வரவில்லை. அது பறை. அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

நம் நண்பரின் தகப்பனார் ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தவர். விரும்பி எடுத்த வேலை அல்ல. பிறப்பைக் காட்டி ஊர் சுமத்தின வேலை. கூலி என்று கிடைத்ததும் பெரும்பாலும் அவமானந்தான். அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளில் பறையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். இனி இந்தக் கை இதைத் தொடாது என்றார். மகனும் தொடவில்லை. டோலக்கு கற்றுக்கொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் நம் நண்பர் என் அறைக்கு வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, வர்ற வாரத்துலேர்ந்து டோலக்குக்குப் பதிலா பறை அடிக்கட்டுமா? அப்பாவோடது பரண்ல இருக்குது. தோலு மாத்திட்டேன்."

நான் உடனே, "வேண்டாம் அண்ணே" என்றேன். "இது ஆஸ்பத்திரி. பறைச்சத்தம் கேட்டால் ஏதோ சாவு என்று நோயாளிகள் பயந்துவிடுவார்கள்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று எழுந்து போய்விட்டார்.

நான் சொன்ன காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டிலில் கிடக்கிறவனுக்கு அந்தச் சத்தம் எதை நினைப்பூட்டும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் அது முழு உண்மை அல்ல. நான் மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவன். 2005-ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா பேராசிரியராக இருந்த கல்லூரி அது. "பரட்டை" என்ற பெயரில் அறியப்பட்ட அவர், கிராமத்து ஏழையின் பாட்டும் பறையும் ஆராதனைக்குத் தகும் என்று கற்பித்து, அந்த மெட்டிலேயே பாடல்களும் வழிபாட்டு முறையும் இயற்றினவர். நான் அதையெல்லாம் கற்றேன். பரீட்சையிலும் எழுதினேன். வேதத்தில் மிரியாம் கையில் எடுத்ததாகச் சொல்லும் தம்புரு, எபிரெயுவில் "தோப்" எனப்படும் வாத்தியம். வட்டச் சட்டத்தில் தோல் கட்டின கைப்பறைதான் அது என்றும் எனக்குத் தெரியும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்து எண்ணுகிறது என்றும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் வேண்டாம் என்றேன். ஏன்? நோயாளிகளுக்கு அஞ்சினதைவிட, சபையில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அதிகமாக அஞ்சினேன். படித்தது தலையில் இருந்தது. பயம் நெஞ்சில் இருந்தது.

அடுத்த மாதங்களில் இன்னொன்று நடந்தது. நம் நண்பரின் தாளம் தவற ஆரம்பித்தது. பாட்டு முடிந்த பிறகும் டோலக்கு ஓடும். பெண்கள் எடுத்த அடியை அவர் பின்தொடர மாட்டார். ஜெப நேரத்திலும் கண்ணை மூடாமல் ஆர்மோனியக்காரரையே பார்த்துக்கொண்டிருப்பார். வயதாகிவிட்டது, கவனம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவரைத் தனியே அழைத்து, "அண்ணே, டோலக்கைத் தம்பி அடிக்கட்டும். நீங்கள் ஜால்ரா போடுங்கள்" என்றேன். அதற்கும், "சரிங்க ஐயா" என்றார். இருபது ஆண்டு அடித்த டோலக்கைக் கழற்றி அந்தப் பையன் தோளில் அவரே மாட்டிவிட்டார். வார்ப்பட்டையின் நீளத்தையும் அவரே சரிசெய்தார்.

அதன்பிறகு நம் மருத்துவமனையில் தறித் தொழிலாளருக்கு ஒரு காது பரிசோதனை முகாம் நடந்தது. நம் நண்பரும் வந்திருந்தார். பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் மேலே இருந்த கோடு, வலப்பக்கம் போகப் போகப் பள்ளத்தில் விழுந்திருந்தது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் உட்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள்தான் சத்தத்தை மூளைக்கு அனுப்புகின்றன. பேரிரைச்சல் நாள்தோறும் தாக்கினால் அவை சாகும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் ஒருவர் இருக்கலாம் என்பது நிபுணர்கள் வகுத்த எல்லை. அது 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரம். பவர்லூம் ஓடும் கூடத்தில் சத்தம் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டிவிடும். நம் நண்பரோ வாழ்நாள் முழுவதும் அதற்குள்ளே நின்றவர்.

"இதில் முதலில் போவது உச்சமான சத்தங்கள்" என்றார் டாக்டர். "4000 ஹெர்ட்ஸ் அளவில் ஆரம்பிக்கும். பறவைச் சத்தம், பிள்ளைகளின் குரல், பேச்சில் ச, த போன்ற எழுத்துக்கள், மணி, ஜால்ரா இதெல்லாம் போய்விடும். கீழ்ச்சத்தம் கடைசி வரைக்கும் ஓரளவு நிற்கும்."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவரிடமிருந்து டோலக்கை வாங்கிவிட்டு நான் கொடுத்தது ஜால்ரா. தன் கையில் தானே தட்டும் அந்த ஜால்ராவின் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. ஆர்மோனியக்காரரின் கை துருத்தியை அழுத்துவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, இத்தனை மாதமும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக உரத்துக் கேட்டேன்.

"ஏன் அண்ணே என்கிட்டே சொல்லலை?"

"செவிடன்னு தெரிஞ்சா பாட்டுக்கு வர வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் ஐயா. தறியிலயும் நிப்பாட்டிடுவாங்க."

"அதற்காகத்தான் பறை கேட்டீர்களா?"

அவர் உள்ளங்கையை மார்பின்மேல் வைத்துக் காட்டினார். "டோலக்கு காதுல கேக்கணும். பறை இங்க கேக்கும் ஐயா."

சகோதரரே, சகோதரிகளே, நான் அன்று அந்த மரத்தடியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்றார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் ஒன்றைக் கேட்டபோது, ஏன் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. போதகனுக்கு முதல் வேலை கேட்பது. காது நன்றாக இருந்த நான் கேட்கவில்லை.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த ஈவ்லின் கிளென்னி அம்மையார் சிறுவயதிலேயே கேட்கும் சக்தியைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் செருப்பில்லாமல் நின்று, அதிர்வை உடம்பினாலே உணர்ந்து வாசிக்கிறவர். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நூற்றுக்கணக்கான முரசுக்காரர்களுக்கு முன்னின்று வாசித்தவர். நம் நண்பர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்திருந்தார்.

அடுத்து வந்த உயிர்த்தெழுந்த திருநாளன்று விடியற்காலையில், நம் முற்றத்தில் முதன்முறையாகப் பறை ஒலித்தது. முந்தின நாளே ஒவ்வொரு வார்டுக்கும் போய், நாளைக்கு ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள், அது சந்தோஷச் செய்தி என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காய்ச்சினார். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறுகையில் குட்டையான குச்சி. மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஒரு தாளமும் தவறவில்லை. டோலக்கு அடித்த தம்பி அவரைப் பார்த்துத்தான் அடித்தான்.

இரவு வந்து சேர்ந்த ஒரு நோயாளியின் மகனுக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பதறி ஓடிவந்து, "யாருங்க செத்தது?" என்று கேட்டான். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட நம் நண்பர், அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "யாரும் சாகலப்பா. செத்தவர் எழுந்துட்டாரு. அதைத்தான் சொல்றோம்."

நான் சிற்றாலயத்தில் ஆண்டாண்டாகச் செய்த உயிர்த்தெழுதல் பிரசங்கங்களில் எதுவும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "மறக்க நினைச்சதை ஏன் ஐயா எடுத்து வெச்சீங்க?" என்று கண் கலங்கினார். அவர் தகப்பனாரும் பறை அடித்தவர். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நான் பதில் சொல்ல முயலவில்லை. நம் நண்பர்தான் அவர் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று காலம் சற்று மாறியிருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் அந்தப் பெரியவரே செய்தித்தாளோடு என்னிடம் வந்தார்.

கடைசி நோயில் நம் நண்பர் நம் ஆண்கள் வார்டில்தான் இருந்தார். சனிக்கிழமை குழு வந்தபோது கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டார். பறையைக் கட்டிலருகே அடித்தால் இரும்பில் அதிர்வு வரும். கை விரல்கள் தாளம் போடும். ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"ஐயா, என் சாவுக்கு இதை அடிக்க வேணாம். சாவுக்கு அடிச்சு அடிச்சே எங்கப்பா கை தேஞ்சுது. ஏதாச்சும் குழந்த பொறந்தா அடிங்க."

அப்படியே செய்தோம். அடக்க ஆராதனையில் பறை ஒலிக்கவில்லை. பாட்டு மட்டும் பாடினோம். ஆர்மோனியக்காரர் கல்லறை வரைக்கும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மறு சனிக்கிழமை பிரசவ வார்டிலிருந்து ஒரு தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பிள்ளையின் காது நோகாதபடி தூரத்தில், வாசல் கேட்டண்டை நின்று, தம்பி மெல்ல அடித்தான். அன்றிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தறித் தொழிலாளருக்குக் காது பரிசோதனை செய்வதும், காதடைப்பான் கொடுப்பதும் நம் ஊழியத்தின் ஒரு பகுதி. சிறிய பொருள்தான். ஆனால் தறியில் நிற்கும்போதெல்லாம் ஒழுங்காகப் போட்டால் காதைக் காக்கும். கெட்டுப்போன காதுக்கு மருந்தில்லை. கெடாமல் காக்கத்தான் முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தறி ஓட்டுகிறவர் இருந்தால் கவனியுங்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? இரவில் காதில் இரைச்சல் என்கிறாரா? குழந்தை பேசுவது மட்டும் புரியவில்லை என்கிறாரா? அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அழைத்து வாருங்கள். நான் கடிந்துகொண்டு கெடுத்தது போதும்.

நூற்றைம்பதாம் சங்கீதம் வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழைக்கிறது. எக்காளம் உண்டு, வீணை உண்டு, தம்புருவும் உண்டு. எதையும் வாசலில் நிறுத்திவைக்கவில்லை. நிறுத்திவைத்தவன் நான். மன்னித்தவர் நம் நண்பர். மன்னிக்கக் கற்றுக்கொடுத்தவர் நம் ஆண்டவர்.

அந்தப் பறை இப்போது சிற்றாலயத்தில், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போகும்போது பாருங்கள். யாராவது பாடும்போது அதன் தோலின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அவர் எப்படிக் கேட்டார் என்பது தெரியும்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் வீட்டாரையும், உங்கள் கையின் பிரயாசங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.